தண்டவாளத்தோடு வளர்ந்த சீனன்குடா

திருகோணமலையின் வரலாற்றைக் கோட்டையிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் எழுதுவதே வழக்கம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கப்பலில் வந்தவர்களின் கதையாகவே அது முடிந்துபோகிறது. சீனன்குடாவின் கதையை அப்படி எழுத முடியாது. இந்த ஊரை ஊராக்கியது 1927இல் திறக்கப்பட்ட ரயில்பாதை.

மாகோவில் பிரியும் கிழக்குப் பாதை, கல்லோயா சந்தியில் மறுபடி இரண்டாகிறது. ஒன்று மட்டக்களப்புக்குப் போக, மற்றது கந்தளாய், தம்பலகாமம் வழியாகச் சீனன்குடாவைத் தொட்டுத் திருகோணமலையில் முடிகிறது. ரயில் வருமுன் தரைவழிப் பயணமென்றால் கண்டி வீதிதான். அதன் மைல்கற்களே இன்றும் ஊர்ப்பெயர்களாக வழங்குகின்றன: 96ஆம் கட்டை, 99ஆம் கட்டை. யானைக் காடும் மலேரியாக் காய்ச்சலும் ஆண்ட அந்த நிலத்தில் மரம் வெட்டி, மண் கொட்டி உயர்த்தி, சிலிப்பர் கட்டை அடுக்கியவர்களே இவ்வூர் வரலாற்றில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர்கள்.

போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிய காலம் அது. குடாவை ஒட்டிய காட்டுக்குள் பிரித்தானியக் கடற்படை எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியது. இன்று கணக்கில் உள்ளவை 99. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்கு மேல் கொள்ளும். பக்கத்திலேயே விமானத்தளம். வேலை தேடி வந்தோர் தங்கியதில் ஸ்டேசனைச் சுற்றிக் குடியிருப்பும் கடைகளும் பெருகின.

ஸ்டேசன் வேலை சாதாரணமானதல்ல. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் ஓடலாம். அதற்கான அத்தாட்சி, பெரிய வளையத்தோடு இணைத்த டப்லட். நிற்காமல் போகும் வண்டியென்றால் மேடை ஓரத்தில் வளையத்தை உயர்த்திப் பிடிப்பார்கள். எஞ்சினில் இருப்பவர் கையை உள்ளே நுழைத்து அதை வாங்கிக்கொள்வார். கை தவறினால் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கொளுத்தும் வெயிலிலும் மாரி மழையிலும் இதைச் செய்த கைகளை எந்தக் கடற்படை வரலாறும் பேசுவதில்லை.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாத் தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின் மேல் விழ, தீ நாள்கணக்கில் எரிந்தது. அந்தத் தாங்கியின் உருகிச் சரிந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. நாட்டுக்கே வரலாற்றுச் சின்னமாகப் பேணப்பட வேண்டிய இடம் அது.

1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, தளத்தை நம்பியிருந்த பல குடும்பங்களின் பிழைப்பும் போயிற்று. ஊர் மறுபடி நிமிர்ந்தது 1980இல் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு. கப்பலில் வந்திறங்கும் கோதுமை, மாவாகி மூடை மூடையாக ரயிலேறியது. பயணிகளுக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் உரிய பாதை இது என்பதை அந்தப் பெட்டிகள் நிரூபித்தன. டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் இதே தசாப்தத்தில் வந்தது. பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ரயில் தடைப்பட்டதும், குடும்பங்கள் இடம்பெயர்ந்ததும் இம்மலரை வாசிப்போர் பலரும் அனுபவித்தவை.

2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கைகளின்படி 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைத் துணை நிறுவனத்துக்கும், 61 இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. குடாவைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி இப்படி நிறுவனங்களிடமும் படைகளிடமும் இருக்க, நடுவே ஊர் நெருங்கி வாழ்கிறது. அடுத்த திட்டம் எதுவானாலும் ஊராருக்கு அதில் வேலையும், குடியிருக்கும் காணிக்கு உறுதியும் கிடைக்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் நினைவுகளையும், வீடுகளில் உள்ள பழைய படங்களையும் இப்போதே திரட்டத் தொடங்குவோம்.