முதல் ஊர்

வண்ணார்பேட்டையில் சுலோசன முதலியார் பாலத்தருகே வளர்ந்தவன் நான். எங்களுக்கு ஊர் என்றால் ஆற்றங்கரைதான். கிழக்கே கடலை ஒட்டிய தேரிக்காடு வேறு உலகம்: சிவந்த மணல், பனை, முள். காற்றடித்தால் மணல்மேடே இடம் மாறிவிடும். அங்கேயும் மனிதர்கள் போய்க் குடியேறினார்கள்.

சாத்தான்குளத்துக்கு அருகில் முதலூர் இருக்கிறது. எதில் முதல்? வேதத்தில் சேர்ந்த நாடார் குடும்பங்களை விஜயராமபுரத்தில் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஜெபவீட்டுக்கே தீ வைத்தார்கள். தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தாம், 1799-ல் ஆங்கிலேயக் காப்டன் ஒருவர் உதவிய பணத்தில் நிலம் வாங்கி அவர்களைக் குடிவைத்தார். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர், அதனால் முதலூர்.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் பெருங்கடலைத் தாண்டினார்கள். இவர்கள் தாண்டியது சில மைல் மணல். தூரம் குறைவுதான், ஆனால் விரட்டியவர்களின் முகத்தில் மறுநாளும் விழிக்க வேண்டுமே!

கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841-ல். 1881-ல் அவர் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் வெளிவந்தது. அவர் பெயரைப் பள்ளியில் படித்தேன். தாவீதின் பெயரைத் தெரிந்துகொள்ள முதலூருக்கே போக வேண்டியிருந்தது.

அங்கே தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வாவும் வாங்கினேன். திருநெல்வேலிக்காரன் சொல்லக் கூடாதுதான், நன்றாகவே இருந்தது.