அருவி மலையில், வெளிச்சம் கொழும்பில்

1895-இல் கொழும்புக் கோட்டையில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. பவுஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம். சில ஆண்டுகளில் கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் மின்சார ட்ராம் ஓடியது. இலாபம் கிடைக்கும் இடத்துக்கு மட்டும் கம்பி போயிற்று.

இந்தக் கணக்கை மாற்ற நினைத்தவர் காலியில் பிறந்த பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகிய ஆறுகளின் நீரைக் கொண்டு இலங்கைக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இல் இலங்கைப் பொறியாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வரும் நாட்டில், உள்ளூர் நீரே போதும் என்றார் அவர்.

1924-இல் லக்சபான நீர்மின் திட்டத்தின் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1929-இல் கொலன்னாவையில் எரிபொருளால் இயங்கும் மின்நிலையம் எழுந்தது. அதற்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார்கள். விமலசுரேந்திர சோர்ந்துவிடவில்லை. 1931-இல் இரத்தினபுரி உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று, அங்கும் நீர்மின்சாரத்துக்காக வாதாடினார். இடையில் உலகப்போரும் வந்தது. லக்சபானவின் முதற்கட்டம், 25 மெகாவாட், இயங்கியது 1950-இல்தான். சுதந்திரம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் அந்த ஆறுகள் இறங்கிவரும் சரிவெல்லாம் தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறித்த மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. அவர்கள் குடியிருந்த லயன் காம்பராக்களோ தோட்டக் கம்பெனிகளின் உடைமை. வாக்கில்லாதவர் வீட்டுக்குக் கம்பி இழுக்க அரசியல்வாதிக்கு அவசரமில்லை. கூலி கொடுப்பதையே பாரமாக நினைத்த கம்பெனிக்கும் அக்கறையில்லை. மலையின் மின்சாரம் கொழும்புக்கு இறங்கிவந்தது. லயன்களில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான்.

வெள்ளைக்காரன் போனதும் அநீதி போய்விடவில்லை. மின்நிலையம் யார் கைக்கு மாறியது என்று மட்டும் எழுதும் வரலாறு அரைகுறை வரலாறே. அதன் வெளிச்சம் யார் வீட்டுக்கு எப்போது போனது என்பதையும் எழுத வேண்டும். வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் மின்விசிறியின் கீழ் இதைப் படிக்கும் நாம், மலையகத்துக்குப் பட்ட கடனை மறக்கக்கூடாது.

1960-களில் அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளோடு இந்நாடு மோதிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.