மாட்ரிட்டை விட்டு நீங்காத பேராசிரியர்

மக்களிடம் வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் செல்வோர் பலர். அம்மக்களுக்குத் துன்பம் வந்தபோது அவர்களோடு உடன்நின்றோர் சிலரே. ஸ்பெயின் நாட்டில் அச்சிலருள் ஒருவராக எண்ணப்படுபவர் ஹூலியான் பெஸ்தெய்ரோ. தருக்க நூற் பேராசிரியர், சோஷலிஸ்டுத் தலைவர், சபாநாயகர், இறுதியிற் சிறைக்கைதி. அவர் வாழ்வு ஆசிரியத் தொழில் புரிவோர் கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. அவர் நேர்மையைப் பகைவரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்த முடிவைப் பற்றி நண்பரும் இன்றளவும் ஒன்றுபட்டதில்லை.

பெஸ்தெய்ரோ 1870 செப்டம்பர் 21ஆம் நாள் மாட்ரிட் நகரிற் பிறந்தார். பாரிசிலும் ஜெர்மனியிலும் பயின்றார். 1912ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பம் தந்த ஆண்டு. அவ்வாண்டில்தான் மாட்ரிட் பல்கலைக் கழகத்தில் தருக்கவியற் பேராசிரியர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. சோஷலிஸ்டுக் கட்சியிலும் அவர் சேர்ந்தார். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்டின் நூலொன்றை ஸ்பானிய மொழியில் பெயர்த்தவரும் அவரே. அச்சுத் தொழிலாளரும் கொத்தரும் நிறைந்த கட்சியில் இத்தகைய கல்விமான் சேர்ந்தது அக்காலத்தில் பெரும் வியப்பாயிற்று.

முதல் உலகப் போரில் ஸ்பெயின் கலந்துகொள்ளவில்லை. எனினும் விலைவாசி ஏறி ஏழைகள் வாடினர். 1917 ஆகஸ்டில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் மூண்டது. இராணுவம் அதனை அடக்கியது. வேலைநிறுத்தக் குழுவினரான பெஸ்தெய்ரோ, லார்கோ கபயேரோ, சபோரித், அங்கியானோ ஆகிய நால்வருக்கும் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. நால்வரும் கார்த்தஹேனாச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆனால் 1918ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் அந்நால்வரையும் பாராளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தனர். அரசு பொதுமன்னிப்பு அளிக்க நேர்ந்தது. சிறைக்கதவைத் திறந்தது வாக்குச்சீட்டு. வாக்கின் வலிமையில் பெஸ்தெய்ரோ கொண்ட நம்பிக்கைக்கு இந்நிகழ்ச்சியே அடிப்படை எனலாம்.

கட்சியை நிறுவிய பாப்லோ இக்லேசியாஸ் 1925இல் மறைந்தார். கட்சித் தலைமையும் தொழிற்சங்கத் தலைமையும் பெஸ்தெய்ரோவிடம் வந்தன. அப்போது நடந்தது பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரம். முடியாட்சியை வீழ்த்தக் குடியரசுக் கட்சியினர் சதி செய்தபோது, சோஷலிஸ்டுகள் அதில் இறங்கலாகாது என்றார் பெஸ்தெய்ரோ. கட்சி அவர் சொல்லை ஏற்கவில்லை. 1931 பிப்ரவரியில் கட்சித் தலைமையைத் துறந்தார். இரண்டே மாதத்தில், ஏப்ரல் 14ஆம் நாள், குடியரசு மலர்ந்தது!

கணிப்பிற் பிழைபட்டவரை நாடு ஒதுக்கவில்லை. அரசியல் நிர்ணய சபை அவரையே சபாநாயகராகத் தேர்ந்தது. சமயமும் அரசும் பிரிவது, நிலச் சீர்திருத்தம், பெண்களுக்கு வாக்குரிமை ஆகியவை பற்றிச் சபை கொந்தளித்த காலம் அது. அக்டோபர் முதல் நாள் 161க்கு 121 என்ற கணக்கில் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். டிசம்பர் 9ஆம் நாள் அரசியலமைப்பு நிறைவேறியது. தம் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே அளவுகோலை வைத்தவர் என்று பெஸ்தெய்ரோ பெயர் பெற்றார்.

1933க்குப் பின் சோஷலிஸ்டுகளில் பலர் ஆயுதப் புரட்சியை நாடினர். பெஸ்தெய்ரோ அதனை எதிர்த்தார். 1934 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைமையையும் இழந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளரின் கிளர்ச்சி குருதியில் மூழ்கியது. ஆயினும் 1936 தேர்தலில் மாட்ரிட் மக்கள், லார்கோ கபயேரோவைவிட மிகுதியான வாக்குகளைப் பெஸ்தெய்ரோவுக்கே அளித்தனர்.

அந்த வாக்கை அவர் கடனாகக் கருதினார். அவ்வாண்டு ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. நவம்பரில் அரசாங்கம் வலென்சியாவுக்குப் பெயர்ந்தது. குண்டுகள் விழுந்த நகரில் பெஸ்தெய்ரோ தங்கிவிட்டார். நகரச் சீரமைப்புப் பணியில் ஈடுபட்டார். 1937 மே மாதம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டு விழாவுக்குக் குடியரசின் பிரதிநிதியாக லண்டன் சென்றவர், சமரசத்துக்குப் பிரிட்டன் உதவ வேண்டுமென முயன்று வெறுங்கையோடு திரும்பினார். அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை.

1939 மார்ச் 5ஆம் நாள் இரவு நடந்ததே வரலாற்றாசிரியர் வாதிடும் இடம். போரை நீட்டிக்க விரும்பிய பிரதமர் நெக்ரினை எதிர்த்துக் கர்னல் கசாதோ பாதுகாப்புக் கவுன்சில் ஒன்றை அமைத்தார். பெஸ்தெய்ரோ அதிற் சேர்ந்து, நிதி அமைச்சகத்தின் நிலவறையிலிருந்து வானொலியில் பேசினார். தோற்ற போரில் மேலும் உயிர்கள் மாளலாகாது என்பது அவர் வாதம். குடியரசுப் படைகள் தமக்குள் மோதின. தலைநகர்த் தெருக்களில் தோழரே தோழரைச் சுட்டனர். ஃபிராங்கோவோ எந்த நிபந்தனையையும் ஏற்கவில்லை. தருக்கம் கற்பித்தவர் ஒரு முதற்கோளில் தவறினார்: வென்றவன் இரங்குவான் என்று நம்பினார். முதற்கோள் பிழையானால் முடிவை நம்பலாகாது என்பது அவரே மாணவர்க்குச் சொல்லியிருக்கக்கூடிய பாடமன்றோ?

கசாதோ பிரிட்டிஷ் கப்பலேறித் தப்பினார். பெஸ்தெய்ரோ நிலவறையிலேயே இருந்தார். மார்ச் 28ஆம் நாள் நகரத்தினுள் நுழைந்த படையினர் அவரைக் கைது செய்தனர். ஜூலை 8ஆம் நாள் இராணுவ நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்குரைஞர், இவர் நேர்மையானவர், கொலைக்குற்றம் எதுவும் செய்யாதவர் என்று ஒப்புக்கொண்டே மரண தண்டனை கேட்டார்! கிடைத்தது முப்பது ஆண்டுச் சிறை. செவில்லை அடுத்த கார்மோனாச் சிறையில், ஃபிராங்கோ அடைத்துவைத்த பாஸ்கு நாட்டுப் பாதிரிமார்கள் அவருக்குத் துணையாயினர். முதுமையும் நோயும் நலிவிக்க, குருதி நஞ்சேறி, 1940 செப்டம்பர் 27ஆம் நாள் உயிர் நீத்தார். எழுபது வயது நிறைந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. இருபதாண்டுகள் கழித்து, 1960இல், அவர் எலும்புகள் மாட்ரிட் திரும்பின.

அவர் முடிவு குடியரசின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது என்பார் கூற்றிலும் உண்மையுண்டு. அதனை மறைத்து அவரைப் புகழ்தல் வரலாறாகாது. ஆயின், தம் முடிவின் விளைவைப் பிறர் தலையில் சுமத்தி அவர் ஓடவில்லை. தவறு செய்யாத தலைவரை வரலாறு காட்டியதில்லை. தவற்றின் விலையைத் தாமே செலுத்தியவரை எப்போதாவது ஒருவராகக் காட்டுகிறது. பெஸ்தெய்ரோ அவ்வொருவர்.