கேரவன்செராய்

மெக்சிகோவில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோ நகரில் கீர்த்தி பெற்ற கிதார் வித்வான் கார்லோஸ் சான்டானாவின் குழுவினர் 1972 அக்டோபரில் வெளியிட்ட நான்காவது இசைத்தட்டு. பாலைவழிச் செல்லும் வணிகச் சாத்துகள் இராத்தங்கும் சத்திரத்தைக் குறிப்பது இப்பெயர். பத்து உருப்படிகளுள் மூன்றில் மட்டுமே வாய்ப்பாட்டு உண்டு. ஏனையவை முற்றிலும் வாத்திய சங்கீதம். ஜனரஞ்சகமான பாட்டுகளால் முன்னமே பிரசித்தியடைந்திருந்தும், அவ்வழியை விட்டு இக்குழு ஜாஸ் இசையின் பக்கம் சாய்ந்தது வியாபார நோக்கில் விவேகமன்று எனப் பலர் கருதினர். சங்கீத நோக்கில் அதுவே இத்தட்டின் பெருமை.

சில்வண்டுகளின் ரீங்காரத்தோடு தொடங்கும் இதில், மின்கிதாரின் நீண்ட நாதத்துக்கு ஆதாரமாய் நிற்பவை ஆப்பிரிக்க வேர்கொண்ட கியூபத் தாளங்களே. காங்கா வாசித்த மிங்கோ லூயிஸ் இயற்றிய, 'தாளத்தின் ஊற்று' எனப் பொருள்படும் 'லா ஃபுவென்தே தெல் ரித்மோ'வில், கியூபாவில் பிறந்த அர்மாண்டோ பெராசாவின் போங்கோ, அடங்கித் தொடங்கிப் படிப்படியாய் வேகங்கொண்டு, ராக் இசையின் டிரம் முழக்கத்தோடு போட்டியிடாமல் அதனுள் இழைந்துவிடுவது மிக ரசிக்கத்தக்கது. தனியாவர்த்தனம் கேட்டுப் பழகிய செவிக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

இத்தட்டுக்குப் பின் கிரெக் ரோலியும் நீல் ஷோனும் குழுவினின்று விலகி, 'ஜர்னி' என்னும் குழுவை அமைத்தனர்.