நோன்பும் உடல்நலமும்: மதுரை வட்டார நோன்புக் கஞ்சி மரபை முன்வைத்து

இசுலாமியரின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்றான ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) கடமையாக்கப்பெற்றது. தமிழ் முசுலிம்கள் இதனை அரபியின் 'ஸவ்ம்' என்றோ, உருது பேசுவோரைப் போல 'ரோஸா' என்றோ வழங்காமல், பொறுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த பழந்தமிழ்ச் சொல்லாலேயே வழங்குகின்றனர். அப்பொறுத்தலின் எல்லை எது என்பதே இங்கு எழும் வினா.

சமயநல்லூர் உள்ளிட்ட மதுரைச் சமவெளியில் நோன்புப் பொழுது எப்பருவத்திலும் ஏறத்தாழ 13 அல்லது 14 மணி நேரமே. வட ஐரோப்பாவின் கோடை நோன்பை நோக்க இது குறைவு. எனினும் சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் 11 நாள் குறைந்ததாதலின், ரமலான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அது மே மாத வெயிலில் அமைந்தது. அத்தகைய நாள்களில் பசியினும் நீரிழப்பே பெருஞ்சோதனை.

இச்சூழலுக்கு ஏற்ற உணவாக நோன்புக் கஞ்சியைக் கருதலாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் ஆகியவை சேர்ந்த இக்கஞ்சி நீரையும் உப்பையும் மாவுப்பொருளையும் ஒருங்கே தருகிறது. 2001 முதல் தமிழக அரசு இதற்கெனப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கப்பட்டது. பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தமையின் அவ்வாண்டு கஞ்சி வீடுகளிலேயே காய்ச்சப்பட்டது.

ஆனால், தாகித்தவனைத் தேற்றும் அதே அரிசிக் கஞ்சி நீரிழிவு நோயாளியின் குருதிச் சர்க்கரையை விரைந்து உயர்த்தவும் கூடும். பகலிலோ, இன்சுலின் போன்ற மருந்துகளால் சர்க்கரை தாழும் இடர் உண்டு. இந்தியா உட்பட 13 நாடுகளில் 2001இல் நிகழ்ந்த 'எபிடியார்' ஆய்வு, ரமலானில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு முதல்வகை நீரிழிவினரிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் மிகுந்ததைக் கண்டது. அளவு 70 மில்லிகிராமிற்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே முறிக்க வேண்டும் என்பது பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல்.

நோன்பு அனைவர்க்கும் நலந்தரும் என எழுதுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றனர். அவர்கள் சான்றுகாட்டும், நோன்பு நோற்றால் நலம் பெறலாம் என்னும் பொருளுடைய நபிமொழியும் அறிவிப்பாளர் தொடரில் வலுவற்றது என்பதே ஹதீஸ் அறிஞர் பலரின் முடிபு. மாறாக, நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களிக்கும் குர்ஆன் வசனம் (2:184) ஐயத்திற்கிடமற்றது. குணமடையத்தக்க நோயினர் பின்னர் வேறு நாள்களில் நோற்கலாம். தீரா நோயினர், விடுபட்ட ஒவ்வொரு நோன்பிற்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிப்பர். இதுவே 'ஃபித்யா' எனப்படும்.