நாய்க் கூண்டுப் பயிற்சி

நாய்க் கூண்டுப் பயிற்சி என்பது வளர்ப்பு நாயைக் கம்பிக் கூண்டில் அமைதியாகத் தங்கப் பழக்குவதாகும். வளர்ப்பவர் வெளியே சென்றதும் ஓயாது குரைத்தல், கதவைப் பிறாண்டுதல் முதலியன பிரிவுப் பதற்றத்தின் அறிகுறிகளாகும். இதற்குக் கூண்டு மட்டும் தீர்வன்று. பதறும் நாயைப் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளக்கூடும்.

முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே உணவிட வேண்டும். பின்னர் வளர்ப்பவர் அருகிலிருந்தபடியே சில நொடிகள் மூடலாம். நாய் அமைதியாக இருந்தால் மட்டுமே நேரத்தை நீட்டிச் சிறிது விலகிச் செல்லலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. எனவே இராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் புழுக்கமுள்ள இடங்களில், தகரக் கூரையின் கீழ்க் கோடைப் பகலில் அடைத்துவைப்பது உயிருக்கே கேடாகும்.

கடும் பதற்றத்திற்கான குளோமிப்பிரமின் மருந்து அமெரிக்காவில் 1998 இல் ஒப்புதல் பெற்றது. கால்நடை மருத்துவர் இதனைப் பயிற்சியுடன் சேர்த்தே பரிந்துரைப்பார்.