தொலைக்கல்வியில் ஆய்வுப் பயிற்சியும் அறிகைப் பாணியும்: லிந்துலையை முன்வைத்து

லிந்துலை இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் செல்லும் பெருந்தெருவில் அமைந்த சிறு நகரம். தலவாக்கலை-லிந்துலை நகரசபையின் எல்லைக்குள் அடங்கும் இந்நகரைச் சூழ்ந்தும், அக்கரப்பத்தனை, டயகம வரையிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. தேயிலைச் செடியை ஆராய்வதற்கென 1925-இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அயலிலுள்ள செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலேயே இயங்குகிறது. அதே மலைகளில் பிறந்து வளர்ந்தவர் பல்கலைக்கழக ஆய்வு முறையைக் கற்பதற்குப் பெரும்பாலும் தொலைக்கல்வியே வழியாக இருந்துவருகிறது. வகுப்பறையில் நாள்தோறும் ஆசிரியரைக் காணாமல், அச்சிட்ட பாடநூலையும் ஒப்படைகளையும் இடையிடையே நடக்கும் நேரடி வகுப்புகளையும் கொண்டு கற்பவரிடம் இரண்டு விடயங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன: ஆய்வு செய்யும் பழக்கம், தனித்து இயங்கும் மனப்போக்கு. இரண்டாவதை விளக்க அறிகைப் பாணி என்ற உளவியற் கருத்து பயன்படுத்தப்படுகிறது. மலையகத் தொலைக்கல்வி மாணவரிடம் அறிகைப் பாணியாகத் தோன்றுவதில் பெரும்பகுதி படிப்புச் சூழல் உருவாக்கிய பழக்கமே என்பதும், அதை மாற்றக்கூடியது ஆய்வுப் பயிற்சியே என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்த மாணவர் யார் என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு. 1920-ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டச் சிறுவருக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. 1945-இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் தோட்டங்களுக்கு முழுமையாக வந்து சேரவில்லை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகு, ஆசிரியர் பற்றாக்குறையை நிரப்ப 1980களில் மலையக இளைஞர்களே பெருந்தொகையாக ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டனர். இவர்கள் கையில் நியமனக் கடிதம் இருந்தது, தொழிற்பயிற்சி இருக்கவில்லை. எல்லோரையும் இரண்டாண்டு பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினால் பாடசாலைகள் மூடப்பட வேண்டியிருக்கும். அந்த நெருக்கடியில்தான் தொலைக்கல்வி வழி ஆசிரியர் பயிற்சி வந்தது. சுவீடன் அரசின் உதவியுடன் நடந்த தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டமும், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் இதில் பங்கேற்றன. கொட்டகலை பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பின்னர் முழுநேரப் பயிற்சிக்கு வழி திறந்தது. பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் நாடியவர்கள், 1980-இல் நாவலையில் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தை அணுகினர். அதன் கற்கை நிலையம் ஒன்று ஹட்டனில் உள்ளது. ஆக, லிந்துலையின் தொலைக்கல்வி மாணவர் பலரும் பகலில் கற்பித்து இரவில் கற்பவர்கள், தம் குடும்பத்தில் பல்கலைக்கழகப் பதிவெண் பெற்ற முதல் தலைமுறையினர்.

அறிகைப் பாணி என்பது ஒருவர் தகவலை உள்வாங்கி ஒழுங்குபடுத்தும் நிலையான போக்கைக் குறிக்கும். எவ்வளவு அறிவார் என்பதை அது பேசுவதில்லை, எவ்விதம் அறிகிறார் என்பதையே பேசுகிறது. இத்துறையில் அதிகம் பேசப்பட்டவர் அமெரிக்க உளவியலாளர் ஹெர்மன் விட்கின். இருண்ட அறையில், சாய்ந்த ஒளிச்சட்டத்துக்குள் இருக்கும் கோலைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லி, சட்டத்தின் சாய்வு ஒருவரை எவ்வளவு ஏமாற்றுகிறது என்று அவர் அளந்தார். சட்டத்தால் ஈர்க்கப்படுபவர் புலச்சார்புடையவர். சட்டத்தைப் புறக்கணித்துத் தம் உடலுணர்வை நம்புபவர் புலச்சார்பற்றவர். 1977-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட விரிவான மீளாய்வு இந்த வேறுபாட்டைக் கல்விக்குக் கொண்டுவந்தது. புலச்சார்புடையோர் பிறரின் குறிப்பையும் வெளியிலிருந்து தரப்படும் ஒழுங்கையும் நாடுவர், மற்றவர் தாமே ஒழுங்கமைத்துத் தனித்துக் கற்பர் என்றது அது. தொலைக்கல்வி ஆய்வாளர்கள் இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1984-இல் தாம்சன் என்ற ஆய்வாளர், தொலைக்கல்வியை இடையில் கைவிடுவோரை விளக்கப் புலச்சார்பு உதவக்கூடும் என்று முன்வைத்தார். தனியே படிக்கும் முறை சார்ந்து கற்பவருக்குப் பொருந்தாது, ஆகவே அவர் விலகுகிறார் என்பது அந்த வாதத்தின் சாரம்.

வாதம் கவர்ச்சியானது, லிந்துலைக்கு அப்படியே எடுத்துவந்தால் ஆபத்தானதும்கூட. ஜான் பெரி 1966-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு இதைக் காட்டும். சியரா லியோனின் டெம்னே வேளாண் மக்களையும் பனிப்பிரதேச இனுயிட் வேட்டை மக்களையும் ஒப்பிட்ட அவர், வாழ்க்கைத் தேவையும் பிள்ளை வளர்ப்பு முறையும் புலனுணர்வுப் போக்கை வடிவமைக்கின்றன என்றார். கட்டுப்பாடும் ஒத்திசைவும் வலியுறுத்தப்படும் சமூகத்தில் புலச்சார்பு மிகும் என்பது அவர் கண்ட தொடர்பு. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து, கங்காணியின் சொல்லுக்கும் துரையின் கணக்குக்கும் கட்டுப்பட்டு, அடுத்தடுத்த லயன் அறைகளில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்க வாழ்ந்த சமூகத்தைப் பற்றி இந்தச் சட்டகம் என்ன முடிவுக்கு வரும் என்பதை ஊகிப்பது எளிது: மலையக மாணவர் இயல்பிலேயே சார்ந்து கற்பவர். அந்த முடிவை ஏற்றால், விலகிய மாணவரின் காரணம் அவர் தலைக்குள் இருப்பதாகிவிடும். பாடநூல் தாமதமாக வந்ததும், ஒப்படை குறிப்புரையின்றித் திரும்பியதும், நேரடி வகுப்புக்கு வரும் பேருந்து தோட்ட உட்பாதையைத் தொடாததும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பெரியின் ஆய்வை ஆழ்ந்து படித்தால் எதிர்ப்பாடமே கிடைக்கும். போக்கை உருவாக்குவது வாழ்க்கை என்றால், படிப்பு வாழ்க்கையை மாற்றினால் போக்கும் மாறலாம்.

ஆய்வுப் பயிற்சியில் இது தெளிவாகத் தெரிகிறது. ஆசிரியர் தம் வகுப்பில் கண்ட ஒரு சிக்கலை, எடுத்துக்காட்டாக நான்காம் வகுப்பு மாணவர் வாய்விட்டு வாசிக்கத் தயங்குவதை, தாமே திட்டமிட்டு மாற்றிப் பார்த்துப் பதிவு செய்வதே செயல்நிலை ஆய்வு. அதன் முதற்படியான இலக்கிய மீளாய்வில் தமிழ்மொழி மூல மாணவர் சிக்கிக்கொள்கிறார். கோட்பாடு ஆங்கிலத்தில் இருக்கிறது, பாடநூல் அதைத் தமிழில் சுருக்கித் தருகிறது, மாணவர் சுருக்கத்தையே மூலமாகக் காட்டுகிறார். புலச்சார்புக் கோட்பாட்டின்படி இது வெளி ஒழுங்கைப் பற்றி நிற்கும் பாணி. உண்மையில் மூலநூல் கைக்கெட்டாத எவரும், எந்தப் பாணிக்காரரும், வேறு எதையும் செய்திருக்க முடியாது. 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் இலவசமாக வைத்தபின், மலையகக் கல்வி பற்றித் தமிழிலேயே எழுதப்பட்டவற்றைத் தேடி ஒப்பிடும் வாய்ப்பு வந்தது. ஏஞ்சலா லிட்டில் 1999-இல் தோட்டக் கல்வியின் அரசியல் பொருளாதாரம் பற்றி எழுதிய நூல் போன்றவை ஆங்கிலத்தில் இருப்பதால், இடைவெளி முழுதும் அடைபடவில்லை.

தரவு சேகரிப்பு இதைவிடச் செறிவான விடயம். ஆய்வு முறை நூல்கள் வினாக்கொத்தை முதற்கருவியாகக் கற்பிக்கின்றன. ஆனால் தோட்டத்தில் படிவம் வெறும் தாள் அல்ல. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 2003-ஆம் ஆண்டுக் குடியுரிமை வழங்கல் சட்டம் என்று தலைமுறைகளாகப் பெயரையும் பிறந்த இடத்தையும் எழுதிக் கொடுத்து, அதன் பேரில் நாடற்றவராகவும் நாடு கடத்தப்பட்டவராகவும் குடிமகனாகவும் ஆன மக்கள் அவர்கள். கையொப்பம் கேட்கும் தாளுக்கு அவர்கள் எச்சரிக்கையான, எதிர்பார்க்கப்படும் விடையைத் தருவது இயல்பு. கொழுந்து நிறுத்து மாலையில் வீடு திரும்பி, தண்ணீர் எடுத்துச் சமையலைத் தொடங்கும் தாயிடம் இருபது கேள்விகளுக்குக் கட்டத்தில் புள்ளடி இடச் சொன்னால், கிடைப்பது களைப்பின் அளவீடு. இதை அறிந்த உள்ளூர் ஆசிரியர் உரையாடலை நாடுவார். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து பேசுவார்கள், ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்புவார். சூழலின் குறிப்புகளைக் கூர்ந்து வாசிக்கும் இந்தத் திறமையைப் பண்புசார் ஆய்வு முறை உயர்வாக மதிக்கிறது. விட்கினின் அளவுகோலில் குறையாகத் தெரியக்கூடிய அதே போக்கு, களத்தில் முறையியல் வலிமையாகிறது. விட்கினும் இரு முனைகளுக்கும் தனித்தனிப் பயன் உண்டு என்றே வலியுறுத்தினார். கல்விச் செயற்பாட்டில்தான் அது மறக்கப்பட்டது.

இங்கே சில மறுப்புகள் எழும். சட்டமும் கோலும் காட்டும் வேறுபாடு மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டது, அதைச் சூழல் என்று தள்ளிவிட முடியாது என்பது முதலாவது. வேறுபாடு இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. அது பாணிதானா என்பதே கேள்வி. புலச்சார்பை அளக்கும் மற்றொரு முறையான, மறைந்த உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஒரு முனையினர் சரியாகச் செய்கிறார்கள், மறுமுனையினர் தவறுகிறார்கள். சரி, தவறு என்று மதிப்பெண் இடும் சோதனை அளப்பது திறனை என்று திறனாய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: ஒவ்வொருவரின் பாணிக்கேற்பப் பாடம் அமைத்தால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை என்ன? கோஃபீல்டும் சகாக்களும் 2004-இல் 71 கற்றற்பாணி மாதிரிகளைத் திரட்டிப் பார்த்து, அவற்றில் பல போதிய நம்பகமின்றி இருப்பதைக் காட்டினர். 2008-இல் பாஷ்லரும் பிறரும், பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தனர். பணமும் மொழிபெயர்ப்பாளரும் குறைந்த தமிழ்மொழி மூலக் கற்கைநெறியில், ஒரே பாடத்தை மூன்று வடிவில் அச்சிடுவது என்பது ஒரு வடிவத்தையும் நேரத்துக்குக் கொடுக்காமல் போவதுதான். முத்திரையின் தீமை அதைவிடப் பெரிது. தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும் என்ற பழைய எண்ணத்துக்கு அது விஞ்ஞானச் சொல்லை இரவல் கொடுக்கிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. ஒரே தோட்டம், ஒரே சம்பளம், ஒரே பாடநூல், ஆனாலும் ஒருவர் முடிக்கிறார், மற்றவர் விடுகிறார். சூழலே காரணம் என்றால் இது எப்படி? ஆள்தோறும் வேறுபாடு உண்டு என்பது உண்மை. அதை நிலையான குணமாகக் கொள்வதைவிட அணுகுமுறையாகக் கொள்வது சான்றுக்கு நெருக்கமானது. சுவீடனின் கோத்தன்பர்க்கில் மார்ட்டனும் சால்யோவும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே பகுதியை வாசித்த மாணவர்களில் சிலர் கருத்தைத் தேடினர், சிலர் கேள்விக்கு உதவும் வரிகளைப் பொறுக்கினர் என்று காட்டியது. என்ன கேள்வி வரும் என்ற எதிர்பார்ப்பை மாற்றியபோது வாசிப்பு முறையும் மாறியது. ஆகவே ஆழ்ந்த வாசிப்பும் மேலோட்ட வாசிப்பும் மனிதரின் வகைகள் ஆகா, பணிக்கு அவர் தரும் பதில்கள். ஒப்படையில் வரைவிலக்கணத்தை எழுதச் சொன்னால் மனப்பாடம் வரும், தம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை வைத்து ஒரு விளக்கத்தைச் சோதிக்கச் சொன்னால் சிந்தனை வரும். மைக்கேல் மூர் வகுத்த ஊடாட்டத் தொலைவு என்ற கருத்தும் இதையே வேறு திசையில் சொல்கிறது. உரையாடல் குறைந்து பாட அமைப்பு இறுகும்போது தொலைவு கூடும். கிலோமீட்டர் அதில் ஒரு சிறு பங்குதான்.

இணையம் வந்தபின் இவை பழைய கதை என்று கருதுவோரும் உண்டு. 2020-இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகத்தில் அலைபேசிச் சமிக்ஞையைத் தேடி மாணவர் மலைமேடுகளுக்கு ஏறியது செய்திகளில் வந்தது. வீட்டில் ஒரே கைபேசி, அதில் முதலில் பிள்ளையின் வகுப்பு, பிறகுதான் ஆசிரியையான தாயின் ஒப்படை. காணொளி விரிவுரை கிடைப்பதும் உரையாடல் கிடைப்பதும் ஒன்றல்ல. 1990களின் தொடக்கத்தில் நீல்சனும் டாட்டோவும் இலங்கையின் தொலைக்கல்வி ஆசிரியர் பயிற்சியை மரபுவழி நிறுவனங்களோடு ஒப்பிட்டு, அது செலவுக்கேற்ற பயன் தருவதாகக் கண்டனர். அந்தத் திட்டம் அச்சுப் பாடத்தை மட்டும் நம்பவில்லை, வழிகாட்டி ஆசிரியரோடு நேர்முகச் சந்திப்புகளையும் கொண்டிருந்தது. தொழில்நுட்பம் மிகக் குறைந்த காலத்தில் அது நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

லிந்துலை போன்ற இடத்தில் ஆய்வுப் பயிற்சி பயன்தர வேண்டுமானால், மாணவரின் பாணியைச் சோதிக்கும் வினாத்தாளுக்குச் செலவிடும் நேரத்தை அவரது முதல் வரைவைப் படித்துக் குறிப்பெழுதச் செலவிடலாம். ஒரே கொத்தணியிலுள்ள நான்கைந்து பாடசாலைகளின் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி ஒருவர் தரவை மற்றவர் கேள்வி கேட்கும் வட்டம், ஹட்டன் கற்கை நிலையத்தின் பணியாகவே அங்கீகரிக்கப்படலாம். சேர்ந்து கற்கும் பழக்கம் அங்கே பலமாகும். வினாக்கொத்தோடு உரையாடல் வழித் தரவும் சம மதிப்புடன் மதிப்பிடப்பட வேண்டும். எழுதி முடித்த செயல்நிலை ஆய்வுகள் பரீட்சைக்குப் பின் அலுமாரியில் முடங்காமல், எழுதியவரின் ஒப்புதலோடு தமிழில் எண்ணிமமாக்கப்பட்டால், அடுத்த ஆண்டு லிந்துலையில் இலக்கிய மீளாய்வு எழுதும் ஆசிரியை பாடநூலின் சுருக்கத்துக்கு அப்பால் மேற்கோள் காட்ட அக்கரப்பத்தனை வகுப்பறை ஒன்றின் ஆய்வு அவரிடம் இருக்கும்.